சுந்தர பாண்டியனுக்கு அவன் பெயரைத் திருப்பிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் பயண நூல்கள், உலக வரலாற்று நூல்கள் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. இந்த வகைப் புத்தகங்கள் இப்போது தமிழில் நிறைய மொழிபெயர்க்கப்படுகின்றன, இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. இந்தப் புத்தகங்களில் இருக்கிற ஒரு குறையைப் பற்றி எழுத வேண்டும் என்று நானும் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் அரசுப் பள்ளிகளில் 32 வருடம் வரலாறும் புவியியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எழுபது வயதாகிறது. தூத்துக்குடியில் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கம்மா பிறந்த ஊர் பழைய காயல். திருச்செந்தூர் போகிற பஸ்ஸில் ஏறினால் முள்ளக்காடு தாண்டி இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பளமாக வருமே, அதற்கப்புறம் வருகிற ஊர். கோயிலுக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிற ஊர்தான்.

இந்த மார்ச் மாதம் எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்ச நாளைக்குப் புத்தகம் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படிக்காமல் என்னால் இருக்க முடியாது. எட்டாம் வகுப்பு முடித்த பேரன் அப்போது விடுமுறையில் வீட்டில் இருந்தான். என் அலமாரியிலிருந்து மார்க்கோ போலோவின் பயண நூலை எடுத்துக் கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் பத்துப் பக்கம் எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். இருபது வருடத்துக்கு முன் நான் வாங்கிய தமிழ்ச் சுருக்கப் பதிப்பு அது. யார் வெளியிட்டது என்பதை இங்கே சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு புத்தகத்தோடு நிற்பதும் இல்லை.

அவனும் ஆசையாகத்தான் படித்தான். 1271-ல் வெனிஸிலிருந்து அப்பாவோடும் சித்தப்பாவோடும் கிளம்பிய பையன், பாமீர் மலை, லோப் பாலைவனம், குப்ளாய் கானின் அரண்மனை என்று கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ 'மாபார் மாகாணம்' என்ற அதிகாரத்துக்கு வந்தோம். முதல் வரியிலேயே தடுக்கியது. "ஆச்சி, இது மலபாரா? அச்சுப்பிழையா?" என்று கேட்டான். அடுத்த பக்கத்தில் ஓரிடத்தில் 'மலபார்' என்றே இருந்தது. மொழிபெயர்த்தவருக்கும் அதே சந்தேகம் வந்திருக்கிறது போல. மேலே படி என்றேன். "இந்நாட்டை ஆளும் ஐந்து சகோதர அரசர்களில் ஒருவன் சோண்டர் பண்டி தாவர்" என்று படித்துவிட்டு நிறுத்தினான். "இவர் எந்த நாட்டு ராஜா ஆச்சி? ஆப்பிரிக்காவா?"

திரும்பப் படி என்றேன். படித்தான். நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லு என்றேன். "சோண்டர்பண்டிதாவர்." மூன்றாவது தடவை கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சுந்தர பாண்டித் தேவர்!

இந்தப் புத்தகத்தை இருபது வருடத்துக்கு முன் நானே முழுக்கப் படித்திருக்கிறேன். அப்போது கண்ணால் படித்ததால் இந்தப் பெயர் ஏதோ ஒரு அந்நியப் பெயராகத் தாண்டிப் போய்விட்டது. காதில் விழுந்த பிறகுதான் யார் என்று தெரிந்தது. பாண்டிய நாட்டு அரசன் தமிழ்ப் புத்தகத்துக்குள், தமிழ் எழுத்தில், தமிழ் வாசகர்களுக்கு அடையாளம் தெரியாமல் நிற்கிறான். நான் வரலாற்று ஆசிரியை. எனக்கே தெரியவில்லை என்றால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு அந்த அதிகாரத்தை மறுபடி முதலிலிருந்து மெதுவாகப் படிக்க வைத்துக் கேட்டேன். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் திறந்தது. மாபார் என்பது மலபார் இல்லை, நம் கிழக்குக் கடற்கரைக்கு அரபுக்காரர்கள் வைத்த பெயர். 'கெய்ல்' என்று ஒரு பெரிய நகரம். ஹோர்முஸ், கிஷ், ஏடன், இன்னும் அரபு நாடு முழுவதிலிருந்தும் குதிரைகளும் மற்றச் சரக்கும் ஏற்றி வருகிற கப்பல்கள் எல்லாம் வந்து நிற்கிற துறைமுகம். அது காயல். எங்கம்மா ஊர். "மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றிக் குறிப்பிட்டுள்ளார்" என்று வருடா வருடம் கரும்பலகையில் நானே எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தக் காயல்தான் என் அலமாரியில் இருந்த இந்தக் 'கெய்ல்' என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த ஊர்க்காரர்கள் 'டெம்புல்' என்ற ஓர் இலையை எந்நேரமும் வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார்கள் என்று வருகிறது. தாம்பூலம்! மொழிபெயர்ப்பில் 'டெம்புல் என்னும் மூலிகை இலை' என்று போட்டிருக்கிறார்கள். பழைய காயலுக்குப் பக்கத்திலேயே ஆத்தூர் இருக்கிறது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கொடுத்தாகிவிட்டது. இந்தக் கரைக்கு வந்த ஒருவர் வெற்றிலை போடுகிற மனிதர்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டு எழுதினால், அது திரும்ப நம் கைக்கு 'மூலிகை இலை'யாக வந்து சேருகிறது.

ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு கெட்ட நேரம் உண்டு, அந்த நேரத்தில் யாரும் வாங்குவதோ விற்பதோ கிடையாது, அதற்குப் பெயர் 'சோயாக்' என்று இன்னோர் இடம். தியாச்சியம், அதாவது விலக்க வேண்டிய நேரம். பஞ்சாங்கத்தில் இன்றைக்கும் அச்சாகிற சொல். கிழமைக்கு ஒரு நேரம் என்றதுமே நம் வீட்டில் யாரும் ராகு காலம் என்று சொல்லிவிடுவார்கள். 'சோயாக்' என்று அப்படியே விட்டுவிட்டால் யாருக்கு என்ன புரியும்?

எனக்குப் பொறுக்க முடியாமல் போன இடம் ஒன்று இருக்கிறது. 'டரான்டுலா என்ற நச்சுச் சிலந்தி சுவரில் இருந்து சத்தமிட்டால், அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பார்த்து, பேரத்தை முடிப்பதா விடுவதா என்று முடிவு செய்வார்கள்' என்று அச்சடித்திருக்கிறது. சிலந்தி எங்கேயாவது சத்தம் போடுமா? மார்க்கோ போலோ சொன்னது பல்லியை. இத்தாலியர்களிடம் அந்தச் சொல் சுவர்ப் பல்லிக்கும் வழங்கும். சுவரில் ஏறித் திரியும், பல்லி மாதிரி இருக்கும், 'ச்' என்பதுபோல் ஒலி எழுப்பும் என்றெல்லாம் மூலத்திலேயே விளக்கமும் இருக்கிறது. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கிற மண்ணைப் பற்றி எழுதியதை, பல்லி சொன்னதும் தரையைத் தட்டி 'கிருஷ்ணா, கிருஷ்ணா' என்கிற மக்களின் மொழியில் பெயர்க்கும்போது சிலந்தியாக்கிவிட்டார்கள். பேரனிடம் இது கௌளி என்றதும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். டியூப்லைட் பக்கத்தில் ஒன்று இருந்தது.

பேச்சை வளர்த்துகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்தப் பெயர்கள் எப்படிச் சிதைந்தன என்று பார்த்தால் யாரையும் குற்றம் சொல்லத் தோன்றாது. 'சுந்தர பாண்டித் தேவர்' என்று இங்கே யாரோ சொல்லியிருப்பார்கள். பாரசீகமும் அரபும் பேசிய மாலுமிகள் வழியாக அது ஒரு வெனிஸ் வணிகரின் காதில் விழுந்தது. அவர் 1295-ல் ஊர் திரும்பி, பிறகு ஜெனோவாக்காரர்களிடம் கைதியாகி, 1298-ல் சிறையில் கூட இருந்த ருஸ்டிசெல்லோ என்ற பிசா நகரத்து எழுத்தாளருக்குச் சொன்னார். அவர் இத்தாலிய வாடை அடிக்கிற பிரெஞ்சில் எழுதினார். அச்சு வராத காலம். பார்த்து எழுதியவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதினார்கள். அதிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து சுருக்கம், சுருக்கத்திலிருந்து தமிழ். 700 வருடத்துக்கு மேல் சுற்றிவிட்டு ஒரு பெயர் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டு வாசலில் நிற்கிற பிள்ளையை 'யாரப்பா நீ' என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் எனக்கு இருந்தது.

கண் சரியானதும் மகன் இணையத்தில் மார்க்கோ போலோ நூலுக்கு ஹென்றி யூல் போட்ட ஆங்கிலப் பதிப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தான். முதல் பதிப்பு 1871, திருத்திய பதிப்பு 1875. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இலவசமாகவே கிடைக்கிறது. பல பக்கங்களில் மார்க்கோ போலோவின் வரி நாலு இருந்தால் யூலின் அடிக்குறிப்பு நாற்பது வரி. இந்தியாவில் ராணுவப் பொறியாளராக இருந்துவிட்டு ஓய்வு பெற்று இத்தாலியில் பலெர்மோவில் உட்கார்ந்து எழுதியவர் அவர். 'கெய்ல்' எந்த ஊர் என்ற கேள்வி வந்தபோது அவருக்கு உதவியவர் யார் தெரியுமா? நம் திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் இருந்த கால்டுவெல் பாதிரியார். தாமிரபரணி முகத்துவாரத்துக்கு அருகில் இருக்கும் பழைய காயல்தான் அது என்றும், அந்த வட்டாரத்தில் இரண்டு மூன்று மைலுக்கு உடைந்த ஓடும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடக்கின்றன என்றும் கால்டுவெல் எழுதியிருக்கிறார். 1877-ல் கொற்கையிலும் காயலிலும் தோண்டியும் பார்த்தார். கப்பல் தபால் ஓடிய காலத்தில் பலெர்மோவில் இருந்தவருக்கு இடையன்குடியில் ஒருவரைக் கேட்டுச் சரிபார்க்க முடிந்திருக்கிறது. இப்போது சென்னையில் இருக்கிற பதிப்பகத்தார் தூத்துக்குடியில் ஒரு ஆளுக்குப் போன் போட்டுக் கேட்டால் போதாதா?

பீங்கான் துண்டு என்றதும் எனக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. எங்கம்மா இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது துணிகளுக்கு அடியில் ஒரு சில்லு இருந்தது. பாதி உள்ளங்கை அளவு இருக்கும். ஒரு பக்கம் சாம்பல் கலந்த பச்சையில் பளபளப்பு, அதில் மயிரிழை மாதிரி விரிசல்கள். மறுபக்கம் பூச்சு இல்லாமல் சொரசொரப்பு. ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். சின்ன வயதில் அம்மா கட்டம் போட்டு நொண்டியடித்துச் சில்லு விளையாடியது அதை வைத்துத்தான். மழைக்கு அப்புறம் வயல் வரப்பில் இப்படித் துண்டுகள் மேலே வரும், பிள்ளைகள் பொறுக்குவோம் என்று சொல்லியிருக்கிறாள். 'கெய்ல்' அதிகாரத்தைப் படித்த அன்று ராத்திரி அதை எடுத்துப் பேரன் கையில் கொடுத்தேன். அவன் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்துக்குளிப்பைப் பற்றிய பகுதியும் இதே கதிதான். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே பாதி வரைக்கும் படகுகள் 'பெட்டலார்' என்ற இடத்துக்குப் போகும் என்கிறார் மார்க்கோ போலோ. அது இலங்கைக் கரையில் இருக்கும் புத்தளம் என்பது யூலின் குறிப்பு. எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறா கடிக்காமல் மந்திரம் கட்டுகிறவர்களுக்கு. இந்த மந்திரக்காரர்களுக்கு நம் கடற்கரையில் ஒரு பெயர் உண்டு. கடல்கட்டி. எவ்வளவு அழகான சொல்! தமிழ்ப் புத்தகத்தில் 'மீன் வசியக்காரர்கள்' என்று இருக்கிறது. 1961-ல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது எனக்கு ஆறு வயது. மாமா தோளில் உட்கார்ந்து போய்ப் பார்த்திருக்கிறேன். சிப்பி குவித்துவைத்து அழுகவிடுகிற நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. அங்கே கிழவர்கள் யாரைக் கேட்டிருந்தாலும் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார்கள்.

குதிரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து அரசர்களும் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் வருடா வருடம் வாங்குகிறார்கள், வருடம் முடிவதற்குள் நூறு கூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லாததால் செத்துப்போகின்றன என்று எழுதுகிறார். இதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரிக் குறிப்பு இருந்தால் போதும். பாண்டியன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கப் போய், திருப்பெருந்துறையில் நின்றுவிட்ட மாணிக்கவாசகர் கதை எந்தத் தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியாது? நரி பரியான கதைக்கும் ஹோர்முஸ் துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு கடல் வழி இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு வரலாறு எவ்வளவு பக்கத்தில் வந்துவிடும்! கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் என்றே வணிகர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பெயர்களுக்கு மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. 'காம்பலுக்' என்று புத்தகத்தில் வருவது கான்பாலிக், இன்றைய பெய்ஜிங். 'கின்சாய்' என்பது ஹாங்சோ. 'சைட்டன்' என்பது சீனத்தின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் சுவான்சோ. மங்கோலிய இளவரசியைப் பாரசீகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க 14 கப்பல்களோடு மார்க்கோ போலோ புறப்பட்டது அந்தத் துறைமுகத்திலிருந்துதான். புறப்பட்டது 1292 வாக்கில். அதே சுவான்சோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்கிற தமிழர் அங்கே திருக்கானீச்சரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்ததைச் சொல்வது, கீழே ஒரு வரி சீன எழுத்து. அதாவது மார்க்கோ போலோ கப்பலேறிய ஊரில் அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே தமிழர்கள் சிவன் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். 'சைட்டன்' என்று மட்டும் அச்சடித்தால் இது எதுவும் வாசகருக்குக் கிடைக்காது. 'சைட்டன் (இன்றைய சுவான்சோ)' என்று ஒரே ஒரு சொல் கூட இருந்திருந்தால், ஆர்வம் உள்ள பிள்ளை மிச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

வகுப்பில் நடந்த ஒன்றும் ஞாபகம் வருகிறது. பல்லவர் பாடம் நடத்திய பிறகு வைத்த தேர்வில் ஒரு மாணவி, "காஞ்சிபுரத்துக்கு யுவான் சுவாங், ஹியூன்சாங் ஆகிய இரண்டு சீனப் பயணிகள் வந்தனர்" என்று எழுதியிருந்தாள். முதலில் தப்பு என்று சிவப்பு மையில் கோடு போட்டேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்டால், பாடப் புத்தகத்தில் ஒரு பெயரும் நூலகப் புத்தகத்தில் இன்னொரு பெயரும் படித்திருக்கிறாள். கூடுதலாகப் படித்த பிள்ளைக்குத்தான் தப்பு நேர்ந்திருக்கிறது. கோட்டை அடித்துவிட்டு மார்க் போட்டேன். 645-ல் சீனம் திரும்பிய அந்தத் துறவி ஒருவரே. தமிழில் அவர் யுவான் சுவாங், ஹியூன்சாங், ஹுவான் சுவாங், சுவான்சாங் என்று நாலு பெயரில் இருக்கிறார். நூலகத்தில் தேடினால் நாலு ஆள். பதிப்பகங்கள் கலந்து பேசி ஒரு பெயரை வைத்துக்கொள்ளட்டும். முடியாவிட்டால் மற்ற வடிவங்களைப் புத்தகத்தின் கடைசியில் வருகிற பெயரடைவிலாவது கொடுக்கட்டும்.

பெயரடைவு என்று சொன்னேன். பெரும்பாலான தமிழ் மொழிபெயர்ப்புகளில் அது கிடையவே கிடையாது. ஆங்கில மூலத்தில் இருபது பக்கத்துக்கு இருப்பதைத் தமிழில் அப்படியே கழித்துவிடுகிறார்கள். வரைபடத்துக்கும் அதே கதி. வரைபடம் இல்லாத பயண நூலை ஒரு புவியியல் ஆசிரியையால் எப்படி ஏற்றுக்கொள்ள முடியும், சொல்லுங்கள். 400 பக்கப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு பக்கம் ஒதுக்கினால் பதிப்பகத்துக்கு என்ன பெரிய செலவு வந்துவிடும்?

எங்கள் வீட்டில் நாங்களே ஒன்று செய்துகொண்டோம். ஓய்வு பெற்ற அன்று மாணவர்கள் கொடுத்த பெரிய உலக வரைபடம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. குண்டூசி குத்திச் சிவப்புத் தையல் நூலை இழுத்துக் கட்டினோம். வெனிஸ், ஹோர்முஸ், பாமீர், காஷ்கர், கான்பாலிக், சுவான்சோ, சுமத்ரா, இலங்கை என்று நூல் வந்தது. காயலுக்கு அந்தப் படத்தில் புள்ளி கிடையாது. தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தைக் கண்டுபிடித்துப் பேரன்தான் குத்தினான். குண்டூசித் தலை ஒன்றே தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் மறைத்துவிட்டது. அப்புறம் கொல்லம், மறுபடி ஹோர்முஸ், கருங்கடல் கரை, கான்ஸ்டான்டிநோபிள், வெனிஸ். அது கட்டி முடித்த பிறகுதான் அவன் என்னிடம் ஒரு நல்ல கேள்வி கேட்டான். சீனத்துக்குப் போகும்போது தரை வழியாகப் போனவர்கள் திரும்பும்போது ஏன் கடல் வழியாக வந்தார்கள்? வரைபடம் இல்லாமல் இந்தக் கேள்வி வராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய காயலுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். கப்பல் எங்கே நின்றிருக்கும் என்று கேட்டான். கடல் அங்கே இல்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. முதலில் கொற்கை துறைமுகமாக இருந்தது. அது தூர்ந்ததும் காயல். அதுவும் தூர்ந்ததும் புன்னைக்காயல். அப்புறம் தூத்துக்குடி. இதைத்தான் 32 வருடம் பாடமாகச் சொன்னேன். அன்றைக்கு வரப்பில் நின்று கையை நீட்டிக் காட்டினேன். திரும்புவதற்கு முன் ஆத்தூருக்கும் போய் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டோம்.

எல்லாப் பெயருக்கும் ஒரே விடை இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா 1340-களில் மதுரைச் சுல்தானின் நாட்டுக்கு வந்தபோது 'ஃபத்தன்' என்ற துறைமுகத்தைப் பார்த்திருக்கிறார். கடலுக்குள் பருத்த மரத்தூண்கள் நட்டு அதன் மேல் ஒரு மரமேடை, அதற்குப் போக மூடிய மரப்பாதை என்று அழகாக எழுதியிருக்கிறார். பட்டினம் என்ற சொல்தான் ஃபத்தன் ஆகியிருக்கிறது. ஆனால் எந்தப் பட்டினம் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. தேவிபட்டினம் என்கிறவர்கள் உண்டு, பெரியபட்டினம் என்கிறவர்கள் உண்டு. அதையும் அப்படியே குறிப்பில் எழுதலாமே. ராமநாதபுரம் கடற்கரையில் வளர்கிற ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டு, பின்னாளில் அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கப் புறப்படலாம்.

மொழிபெயர்ப்பாளர்களை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்துக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி, இந்த மாதத்துக்குள் முடித்துக் கொடு என்று கெடு. இதில் ஒரு மனிதர் 'சோயாக்' என்றால் என்ன என்று தேடிக்கொண்டு உட்கார முடியுமா? பதிப்பகத்தார்தான் அதற்கு நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும். இந்தக் கடற்கரையைப் பற்றிய அதிகாரம் என்றால் அச்சுக்குப் போவதற்கு முன் இந்தக் கடற்கரை ஆள் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். மலையைப் பற்றியது என்றால் மலைக்காரரிடம். எங்களைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறோம். காசு கொடுக்க வேண்டாம், கேட்டாலே சந்தோஷமாகச் செய்வோம். இன்னொன்றும் உண்டு. புத்தகத்தின் முன்பக்கத்தில் இது எந்த மொழியிலிருந்து, எந்தப் பதிப்பிலிருந்து பெயர்க்கப்பட்டது, எதையெல்லாம் சுருக்கினோம் என்று நாலு வரி நேர்மையாக எழுதட்டும். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வாராவாரம் நூல் மதிப்புரை போடுகிறீர்கள். பயண நூலோ வரலாற்று நூலோ மதிப்புரைக்கு வந்தால், வரைபடம் இருக்கிறதா, பெயரடைவு இருக்கிறதா, ஊர்ப் பெயர்களுக்கு இன்றைய பெயர் கொடுத்திருக்கிறார்களா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். நாலு வாரம் அப்படி வந்தால் பதிப்பகங்கள் தானாகக் கவனிக்க ஆரம்பிக்கும்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு முழுத்தாள் இணைத்திருக்கிறேன். மார்க்கோ போலோவின் மாபார் அதிகாரத்தில் வருகிற பெயர்களை நானும் பேரனுமாக எடுத்து வரிசைப்படுத்தியது. இடது பக்கம் புத்தகத்தில் இருக்கிற வடிவம், வலது பக்கம் நம் பெயர். மாபார் என்பதற்கு எதிரே 'கடந்து போகிற துறை, அரபுச் சொல், மலபார் அல்ல' என்று அவன் கையெழுத்தில் இருக்கிறது. காயலை ஆண்டவன் பெயர் 'ஆஷர்' என்று வருகிறது. 1268-ல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் குலசேகரனைத்தான் அது குறிக்கிறது என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து என்பதால் அவன் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறோம். இந்தப் புத்தகத்தை மறுபதிப்பு போடுகிற பதிப்பகத்தார் யாராவது கேட்டால் தயவுசெய்து கொடுங்கள். எங்கள் பெயர் எங்கும் வர வேண்டிய அவசியம் இல்லை. பல்லி விஷயத்தை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
தூத்துக்குடி.